நீர்மூழ்கிக் கப்பலில் கன்ட்ரோல் இன்ஜினியருக்கு என்ன வேலை?

இன்ஸ்ட்ருமென்டேஷன் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நீர்மூழ்கிக் கப்பல்களின் கட்டுப்பாட்டு அமைப்புகளில் வேலை பார்க்க ஆசை. அங்கே இன்ஜினியர் தினமும் என்ன செய்வார்? ஆட்டோபைலட் எழுதுவாரா? இப்போதிருந்தே எதைப் படித்து வைக்க வேண்டும்?"

இந்தத் துறையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். பாதிக் காலம் பேனலும் மென்பொருளும் தயாரிக்கும் இடத்தில், மீதி கப்பல் கட்டும் தளத்தின் சோதனைப் பிரிவில். எந்தக் கப்பல், எவ்வளவு ஆழம் என்றெல்லாம் எழுத முடியாது. ஆனால் இந்த வேலையின் இயல்பைப் புரிந்துகொள்ளத் தேவையானது எல்லாம் எப்போதோ வெளியே வந்துவிட்ட விஷயம்தான். அதை வைத்தே சொல்கிறேன்.

ஆட்டோபைலட் எழுதுவது உண்டு. ஆனால் மொத்த வேலையில் அது சின்னப் பங்கு. "இந்த வால்வு மூடியிருக்கிறது" என்று பேனல் சொன்னால், அது கீழே உண்மையிலேயே மூடியிருக்க வேண்டும். என் வருஷங்களில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடலுக்கு அடியில் ஒரு கப்பலை அசையாமல் நிறுத்துவது லேசான காரியம் இல்லை. வெளித் தொட்டிகளில் நீரை நிரப்பி மூழ்கியபின், கப்பலின் எடையும் அது ஒதுக்கித் தள்ளும் நீரின் எடையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாக வேண்டும். நம் கடற்படையின் கல்வாரி வகைக் கப்பல் மூழ்கிய நிலையில் 1,700 டன்னுக்குச் சற்று மேல். அதில் ஓரிரண்டு டன் முன்னே பின்னே போனாலும், மெதுவாக ஓடும்போது கப்பலை ஓட்டுபவருக்குக் கையில் தெரிந்துவிடும். அதைச் சரிக்கட்ட உள்ளே தனித் தொட்டிகள் இருக்கின்றன. கடல்நீரை உள்ளே விட்டும் வெளியே பம்ப் செய்தும் எடையைத் திருத்துவார்கள். முன்னாலும் பின்னாலும் உள்ள ட்ரிம் தொட்டிகளுக்கு இடையே நீரை மாற்றி, மூக்கு தாழாமலும் தூக்காமலும் பார்த்துக்கொள்வார்கள்.

இந்தக் கணக்கு ஒரு நாளும் அப்படியே நிற்காது. திறந்த கடலில் ஒரு கன மீட்டர் நீர் சுமார் 1,025 கிலோ. வங்காள விரிகுடாவின் வடபகுதியில், மழைக்காலம் முடிந்ததும் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் மேல்மட்ட நீரின் உப்பு வெகுவாக இறங்கிவிடும். ஆயிரத்துக்கு 35 இருந்த உப்பு 30-க்கு வந்தால் கன மீட்டருக்கு ஏறக்குறைய நான்கு கிலோ குறையும். 1,700 டன் கப்பலுக்கு அது ஏழு டன் வித்தியாசம். கப்பலில் ஒரு பொருளும் ஏறவில்லை, ஆனாலும் ஒரு லாரிச் சுமை கூடியதுபோல் அது கீழே இறங்கப் பார்க்கும். விசாகப்பட்டினத்திலிருந்து வடகிழக்கே போகும் கப்பல்கள் இதைக் கணக்கில் வைத்தே போகின்றன.

டீசல் விஷயம் இன்னும் விசித்திரம். பல நீர்மூழ்கிகளில் எண்ணெய் தீரத் தீர அந்த இடத்தைக் கடல்நீர் நிரப்பும். காலி இடம் விட்டால் அழுத்தம் தொட்டியை நசுக்கிவிடும், அதனால் இந்த ஏற்பாடு. கடல்நீர் டீசலைவிடக் கனம். ஆகவே ஒவ்வொரு கன மீட்டர் எண்ணெய் எரியும்போதும் கப்பல் 170 கிலோ அளவுக்குக் கனத்துக்கொண்டே போகிறது. லாரி, விமானம் எல்லாம் எரிபொருள் தீர்ந்தால் லேசாகும். இது கனக்கும். இதோடு டார்பிடோ போனால் ஒன்றரை டன், சமையலறையில் அரிசி தீர்வது, பத்துப் பேர் சாப்பிட முன்பக்கம் நடந்து போவது. இத்தனையும் கணக்கில் வரும்.

ஆழம் போகப் போக இன்னொன்று சேரும். பத்து மீட்டருக்கு ஒரு பார் (ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வீதம் அழுத்தம் ஏறுகிறது. எஃகுக் கூடு கண்ணுக்குத் தெரியாத அளவு சுருங்கும். சுருங்கினால் ஒதுக்கும் நீர் குறையும், மிதப்பு குறையும், கப்பல் இன்னும் இறங்கும், இறங்கினால் மேலும் சுருங்கும். அதாவது தன் இடத்துக்குத் தானே திரும்பி வரும் குணம் இந்தக் கப்பலுக்கு இல்லை. நின்ற இடத்தில் ஆழம் மாறாமல் வைத்திருப்பது, விரல் நுனியில் கோலை நிறுத்துவது மாதிரி. பாடத்தில் "நிலையற்ற அமைப்பு" என்று கரும்பலகையில் பார்த்தது இங்கே ஐம்பது பேரைச் சுமந்துகொண்டு மிதக்கிறது.

சரி, ஓடும்போது என்ன நடக்கிறது? இடவலம் திரும்ப சுக்கான், மேலே கீழே போக கிடையாகப் படுத்திருக்கும் பிளேன்கள். முன்பக்கம் ஒரு ஜோடி, வாலில் ஒரு ஜோடி. வால் பிளேனை "மேலே போ" என்று திருப்பினால் அது வாலைக் கீழே அழுத்தும், மூக்கு தூக்கும். தூக்கிய உடம்பின் மேல் ஓடும் நீர் முழுக் கப்பலையும் மேலே தள்ளும். இதெல்லாம் வேகம் இருக்கும் வரை.

வேகம் இரண்டு மூன்று நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) அளவுக்கு இறங்கும்போது ஒரு வினோதம் நடக்கும். கப்பலின் கனம் கீழேயும் மிதப்பு மேலேயும் இருப்பதால் அது எப்போதும் நிமிர்ந்து நிற்கப் பார்க்கும். தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் குறையக் குறைய பிளேனின் விசை வேகமாகத் தேயும், ஆனால் இந்தப் பொம்மைக் குணம் தேயாது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வால் பிளேனைத் திருப்பினால் மூக்கு கொஞ்சம் தூக்கும், ஆழம் மட்டும் மாறாது. அதற்கும் கீழே போனால் மூக்கு சரியாகத் தூக்காது, வாலை அழுத்தும் விசை மட்டும் மிஞ்சும். "மேலே போ" என்று திருப்பினால் கப்பல் கீழே போகும்!

முதன்முதலில் சிமுலேட்டரில் இதைப் பார்த்தபோது மென்பொருளில் கழித்தல் குறி எங்கோ மாறிவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன். பக்கத்து மேசையில் இருந்தவர், கடற்படையில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர், ஒரு காகிதத்தில் இரண்டு அம்புக்குறி வரைந்து காட்டினார். "குறி எல்லாம் சரியாத்தான் இருக்கு, தண்ணியைக் கேளு" என்றார். மெதுவாகப் போகும்போது முன்பிளேனை நம்ப வேண்டும் என்பதற்கான காரணம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பெரிஸ்கோப் ஆழத்தில் வேறு தொல்லை. அலைகள் கப்பலை ஆட்டுவது ஒருபுறம். அதோடு, மேற்பரப்புக்கு அருகில் இருக்கும் உடம்பை அலை மெல்ல மேலே உறிஞ்சும் ஒரு விசை இருக்கிறது. அது விடாமல் இழுக்கும். கப்பல் மேலே எழும்பி முதுகு தெரிந்துவிட்டால் ஒளிந்திருப்பதற்கே அர்த்தமில்லை. ஆட்டோபைலட் இங்கே இரண்டையும் பிரித்தறிய வேண்டும். அலையின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிளேனை அசைத்தால் பயனில்லை. ஹைட்ராலிக் தேயும், வால்வு ஒவ்வொரு முறையும் "டிக்" என்று சத்தம் போடும், அந்தச் சத்தம் தண்ணீரில் வெகுதூரம் போகும். ஆட்டத்தை வடிகட்டி எறிந்துவிட்டு, மெதுவான உறிஞ்சலுக்கு மட்டும் தொட்டி நீரால் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் படித்த பிஐடி (பிழையைப் பார்த்துத் திருத்தும் கட்டுப்பாட்டு முறை), வடிகட்டி எல்லாம் இங்கே வரும். உள்ளே சாய்வுக்கு ஒரு லூப், வெளியே ஆழத்துக்கு ஒரு லூப் என்று அடுக்கி வைப்பதுதான் இன்றும் அடிப்படை. அதிலிருந்து தொடங்கினால் போதும். ஆனால் கல்லூரியில் "பிழை பூஜ்ஜியம் ஆக வேண்டும்" என்பார்கள். இங்கே பிழையைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்த கன்ட்ரோலர்தான் நல்ல கன்ட்ரோலர்.

வால் அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கமான வால் கூட்டல் குறி மாதிரி இருக்கும். சுவீடன் நாட்டு நீர்மூழ்கிகள், ஆஸ்திரேலியாவின் காலின்ஸ், ஜெர்மனியின் 212ஏ, ஜப்பானின் சோர்யு போன்றவற்றில் பெருக்கல் குறி மாதிரி. அங்கே நான்கு பலகைகளும் ஒவ்வொன்றும் திருப்பவும் செய்யும், தூக்கவும் செய்யும். ஒன்று மாட்டிக்கொண்டாலும் மற்ற மூன்றும் சமாளிக்கும். ஆனால் மனிதர் மனக்கணக்கில் ஓட்ட முடியாது, கம்ப்யூட்டர்தான் கட்டளையை நான்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் போனால் என்ன என்று எழுதும் ஆவணம், ஆட்டோபைலட் நிரலைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்.

இனி நான் அப்புறம் வருகிறேன் என்று சொன்ன இடம்.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 200 மீட்டர் ஆழத்தில் பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் உடைந்தால் நொடிக்கு கிட்டத்தட்ட 300 கிலோ நீர் உள்ளே வரும். ஒரு நிமிடத்தில் 17, 18 டன். ஓரிரண்டு டன்னுக்கே கவலைப்படும் கப்பல் இது. இதே மாதிரி, வேகமாக ஓடும்போது வால் பிளேன் கீழ்நோக்கிய நிலையில் மாட்டிக்கொண்டால், கப்பல் தாங்கும் ஆழ எல்லையைத் தொட சில பத்து நொடிகள்தான். அதனால்தான் ஒவ்வொரு கப்பலுக்கும் வேகத்தையும் ஆழத்தையும் வைத்து ஒரு வரைபடம் போட்டிருப்பார்கள். இந்த வேகத்தில் இதற்குக் கீழே போகாதே, இந்த ஆழத்தில் இதைவிட மெதுவாகப் போகாதே என்று. அந்தக் கோடுகளை வரைவது கன்ட்ரோல் இன்ஜினியரும் கப்பல் வடிவமைப்பாளரும் சேர்ந்துதான். மாட்டியது தெரிய எத்தனை நொடி, ஆள் முடிவெடுக்க எத்தனை நொடி, தொட்டியில் காற்று ஏற எத்தனை நொடி என்று கூட்டிக் கூட்டி அந்தக் கோடு பிறக்கும். சென்சார் ஒரு நொடி தாமதித்தால் கோடு மேலே நகரும்.

கடைசிக் கை, உயரழுத்தக் காற்று. 200 பாருக்கு மேல் பாட்டில்களில் அடைத்து வைத்திருப்பார்கள். அதை வெளித் தொட்டிகளுக்குள் விட்டால் நீர் வெளியேறி, கப்பல் மேலே வரும். 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் த்ரெஷர் நீர்மூழ்கி ஆழச் சோதனையில் இருந்தபோது அந்தக் கடைசிக் கை உதவவில்லை. கப்பலில் இருந்த 129 பேரும் இறந்தார்கள். இயந்திரப் பகுதியில் கடல்நீர்க் குழாய் ஒன்று விட்டிருக்கலாம், அதனால் அணு உலை நின்றிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. காற்று ஏன் உதவவில்லை? பிறகு அதன் சகோதரக் கப்பலான டினோசாவை துறைமுகத்தில் கட்டி வைத்துச் சோதித்தார்கள். காற்றுக் குழாயில் தூசு புகாமலிருக்க வைத்த வலையில், காற்றின் ஈரம் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்தது. உயரழுத்தக் காற்று விரியும்போது கடுமையாகக் குளிரும். ஸ்ப்ரே டப்பாவை அழுத்திக்கொண்டே இருந்தால் கையில் சில்லென்று படுமே, அதே இயற்பியல். ஒரு வால்வைக் காப்பாற்ற வைத்த சின்ன வலை அது. முழு அழுத்தத்தில், முழு நேரம் அந்தக் காற்றைத் திறந்துவிட்டு முன்பே ஒருமுறை சோதித்திருந்தால் அது துறைமுகத்திலேயே தெரிந்திருக்கும். அந்த வருஷமே அமெரிக்கக் கடற்படை சப்சேஃப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கடல்நீரைத் தடுக்கும் ஒவ்வொரு பற்றவைப்புக்கும் வால்வுக்கும், யார் செய்தார், எந்த உலோகம், யார் பார்த்தார் என்று காகிதச் சான்று வேண்டும். இந்தத் துறையில் காகிதம் ஏன் இவ்வளவு என்று சலிப்பு வரும்போதெல்லாம் எனக்கு அந்த வலைதான் நினைவுக்கு வரும்.

தெட்டிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலின் கதை என் வேலைக்கு இன்னும் நெருக்கம். 1939 ஜூன் 1, லிவர்பூல் விரிகுடா, சோதனை ஓட்டம். டார்பிடோ குழாயின் வெளிமூடி திறந்திருப்பது தெரியாமல் உள்கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே நீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனைக் குழாய் உண்டு. அதன் துளை பெயின்டால் அடைபட்டிருந்தது. நீர் வரவில்லை, ஆகவே குழாய் காலி என்று எடுத்துக்கொண்டார்கள். வெளிமூடியின் நிலையைக் காட்டும் டயல்களிலோ "மூடியது" என்ற இடம் எல்லாவற்றிலும் ஒரே பக்கம் இல்லை. 103 பேரில் 99 பேர் இறந்தார்கள். பெயின்ட்டும் ஒரு டயலும்.

இதை நான் படித்ததோடு போகவில்லை, சின்ன அளவில் பார்த்தும் இருக்கிறேன். துறைமுகச் சோதனையின்போது ஒரு நாள், கடல்நீர் உள்ளே வரும் வால்வு ஒன்றை பேனலிலிருந்து மூடினோம். விளக்கு "மூடியது" என்றது. பட்டியலில் டிக் அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்போம். கீழே டார்ச்சோடு இருந்த டெக்னீஷியன் அண்ணன் இன்டர்காமில், "சார், இங்கே ஸ்பிண்டில் குறி நகரவே இல்லை" என்றார். ஸ்பிண்டில் என்பது வால்வை நேரடியாகத் திருப்பும் தண்டு. இறங்கிப் போய்ப் பார்த்தேன். வால்வைத் திருப்பும் ஹைட்ராலிக் சிலிண்டர் முழுதாக நகர்ந்திருந்தது. சிலிண்டரையும் வால்வையும் இணைக்கும் விரல் தடிமனான பின் அறுந்துபோயிருந்தது. கடைசி நிலைக்கு வந்ததும் அமரும் லிமிட் சுவிட்சைப் பொருத்தியிருந்தது சிலிண்டரின் தண்டில். தண்டு நகர்ந்தது, சுவிட்ச் அமர்ந்தது, விளக்கு எரிந்தது. வால்வு மட்டும் பாதியில் நின்றது. அந்த வழியில் இரண்டாவதாக ஒரு வால்வு மூடியிருந்ததால் ஒரு சொட்டு நீரும் வரவில்லை. வரைபடத்தில் சுவிட்ச் தண்டில்தான் இருந்தது, பல பேர் கையெழுத்தும் இருந்தது. அதில் ஒன்று என்னுடையது.

அதன்பின் அந்த வகை வால்வுகள் எல்லாவற்றிலும் சென்சாரை வால்வின் ஸ்பிண்டிலுக்கே மாற்றினோம். "திறந்தது", "மூடியது" என்ற இரண்டு விளக்கு போதாது, "இரண்டும் இல்லை" என்ற மூன்றாவது நிலையும் பேனலில் தனியாகத் தெரிய வேண்டும் என்று மாற்றி எழுதினோம். ஒயர் அறுந்தால் அது "மூடியது" என்று தோன்றவே கூடாது. இதற்கு ஆறு மாதம் ஆயிற்று. வேலை என்ன என்று கேட்டீர்கள் இல்லையா, அந்த ஆறு மாதம்தான் வேலை.

விளக்கின் வடிவம்கூடச் சின்ன விஷயம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க நீர்மூழ்கிகளில் மூடிகளும் வால்வுகளும் திறந்திருக்கின்றனவா என்று காட்டும் பேனல் சிவப்பு, பச்சை விளக்குகளால் ஆனது. பிறகு அதைக் கோடும் வட்டமுமாக மாற்றினார்கள். மூடியிருந்தால் கோடு, திறந்திருந்தால் வட்டம். இரவில் அறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரியும்போது நிறத்தை நம்ப முடியாது, வடிவத்தை நம்பலாம்.

ரஷ்யாவின் நெர்பா நீர்மூழ்கியில் 2008 நவம்பர் 8 அன்று கடல் சோதனையின்போது தீயணைப்பு வாயு தவறுதலாகப் பாய்ந்து 20 பேர் இறந்தார்கள். அன்று கப்பலில் 208 பேர் இருந்தார்கள், பெரும்பாலோர் கப்பல் தளத்தின் ஆட்கள், என்னைப் போன்றவர்கள். ஊழியர் ஒருவர் அனுமதியின்றி இயக்கினார் என்று குற்றம் சாட்டினார்கள், ஜூரி அவரை விடுவித்தது. அந்தக் கப்பல்தான் 2012-ல் ஐஎன்எஸ் சக்ராவாக நம்மிடம் குத்தகைக்கு வந்தது. யார் கை பட்டது என்பதைவிட, ஆபத்தான ஒரு கட்டளை எத்தனை படி தாண்டி நடக்க வேண்டும் என்பதுதான் வடிவமைப்பவர் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அன்றாட வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதி நாள் மேசை: தேவைப் பட்டியல், எது எப்படிக் கெடலாம் என்ற ஆய்வு, சோதனைத் திட்டம். மீதி ஆய்வகம்: உண்மையான பேனலைக் கம்ப்யூட்டரில் ஓடும் போலிக் கப்பலோடு இணைத்து, சென்சாரைப் பொய் சொல்ல வைத்துப் பார்ப்பது. மூன்று ஆழ சென்சாரில் ஒன்று உளறினால் மற்ற இரண்டும் அதை ஒதுக்குகின்றனவா, இரண்டு சேர்ந்து உளறினால் என்ன ஆகும் என்று வாரக்கணக்கில் பார்ப்போம். அதிர்ச்சி, அதிர்வு, ஈரம், மின்காந்தக் குறுக்கீடு எல்லாவற்றுக்கும் தனிச் சோதனை. கப்பல் முப்பது வருஷம் இருக்கும், அதில் உள்ள சிப் பத்து வருஷத்தில் சந்தையில் கிடைக்காது. அதற்கு மாற்று தேடுவதே சிலருக்கு முழுநேர வேலை. கடல் சோதனைக்குப் போனால் குறுகிய இடம், டீசல் வாடை, மாறி மாறித் தூக்கம். வீட்டுக்குப் பேச வழியில்லை. நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. அந்த அலைகூட பத்து, இருபது மீட்டர் ஆழம்தான் இறங்கும், அதுவும் ஒருவழிதான்.

உள்ளே வர வழிகள்: விசாகப்பட்டினத்தில் இருக்கும் டிஆர்டிஓ ஆய்வகமான என்எஸ்டிஎல், அங்கே மாதிரிக் கப்பல்களை இழுத்துச் சோதிக்கும் நீர்த்தொட்டி உண்டு. கேட் (GATE) தேர்வு மதிப்பெண் வழியாக விஞ்ஞானி 'பி' பதவிக்கு விண்ணப்பிக்கலாம். கல்வாரி வகைக் கப்பல்களைக் கட்டிய மும்பை மஸகான் டாக், அப்புறம் எல் அண்ட் டி, பாரத் எலக்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள். கடற்படையின் தொழில்நுட்பப் பிரிவில் அதிகாரியாகச் சேர்வது இன்னொரு வழி. கப்பலைக் கைரேகை மாதிரி அறிந்தவர்கள் அந்த வழியில்தான் வருகிறார்கள். எல்லா இடத்திலும் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும், பொறுமை வேண்டும். மேலே படிப்பதாக இருந்தால் ஐஐடி மெட்ராஸின் கடல்சார் பொறியியல் துறையைப் பாருங்கள்.

படிக்க வேண்டியதில் ஹைட்ராலிக்ஸை விட்டுவிடாதீர்கள். இன்ஸ்ட்ருமென்டேஷன் பிள்ளைகள் பெரும்பாலும் சென்சாரில் தொடங்கிக் கன்ட்ரோலரில் முடித்துவிடுகிறார்கள், பிளேனைத் திருப்புவது ஹைட்ராலிக் எண்ணெய் என்பதை மறந்துவிடுகிறார்கள். பாதுகாப்பு சார்ந்த மின்னணு, மென்பொருள் அமைப்புகளுக்கான ஐஇசி 61508 தரநிலையின் அடிப்படைகள் தெரிந்தால் நேர்காணலில் கைகொடுக்கும்.

இறுதியாண்டு புராஜெக்ட் இன்னும் முடிவாகவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். நீர்மூழ்கியின் இயக்கச் சமன்பாடுகளை அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் 1967-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். அதில் ஆழமும் சாய்வும் மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மாடல் எழுதுங்கள். எட்டு நாட் வேகத்தில் வால் பிளேனை ஐந்து டிகிரி திருப்பி ஆழத்தின் வரைபடம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு நாட்டாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு வேகத்தில் அந்தக் கோடு படுத்துவிடும், அதற்குக் கீழே தலைகீழாகத் திரும்பும். திரும்பவில்லை என்றால் உங்கள் மாடலில் எடை மையமும் மிதப்பு மையமும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.